எண்பது கிலோபைட்

மொராவா நதியின் உயரத்தைப் பார்த்து
எந்தத் தெரு எத்தனை மணிக்கு நனையும் என்று சொல்லும்
ஒரு நிரல். எழுதியவள் ஸ்தென்கா.
பகலில் ஓலொமோட்ஸ் நகராட்சியில் வடிகால் கணக்கு,
இரவில் இது.
எண்பது கிலோபைட்.
கலங்கிய புகைப்படம் ஒன்றைவிடச் சிறியது.

எழுத ஒரு கோடை போதுமாயிருந்தது.
அதைப் பிறர் கணினியில் ஏற்றுவது எப்படி என்று
நான்கு ஆண்டுகளாகப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

க்ரோமெரிஷ் தீயணைப்புக் குழுவில் டெபியன்.
டெப் பொதி கொடுத்தாள், ஏறியது.
ஹ்ராடிஷ்டேயில் ஃபெடோரா.
டெப்பைக் கையில் வைத்துக்கொண்டு
இதை எந்தப் பக்கம் பிரிப்பது என்று கேட்டார்கள்.
ஆர்பிஎம் கட்டினாள்.
ஆறே மாதம். ஒரு நூலகக் கோப்பின் பெயரில்
கடைசி எண் மட்டும் ஒன்று கூடியது.
வீடு அதே வீடு, கதவிலக்கம் மாறியதால்
தபால் திரும்பிவிட்டது.
பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் ஆர்ச் இருந்தது.
அவர் உதவி கேட்கவில்லை,
தன்னிடம் ஆர்ச் இருப்பதைத்
தெரிவித்துவிட்டுப் போனார்.

ஆய்தம் தனியே நில்லாது.
முன்னால் ஒரு குறில் வேண்டும்,
பின்னால் ஒரு வல்லினம்.
அவள் நிரலும் அந்தச் சாதிதான்;
ஊருக்கு ஊர்
முன்னெழுத்தும் பின்னெழுத்தும் வேறு.

செப்டம்பரில் மூன்று நாள் விடாமல் மழை.
நான்காம் நாள் மாலை ஆறு மணிக்குள்
பதினோரு ஊர்கள் கேட்டுவிட்டன.
பதினோரு ஊர்களில் ஏழு விதமான லினக்ஸ்.
இரண்டு எப்போது நிறுவியவை என்று
அங்கே இருப்பவர்களுக்கே தெரியவில்லை.

செய்யவே மாட்டேன் என்றிருந்ததைச் செய்தாள்.
கொல்லன் தெருவுக்கு ஊசி அனுப்புகிறவள்
உலை, துருத்தி, சம்மட்டி,
கூடவே கொல்லனையும் வைத்து
மூட்டை கட்டியது போல
எண்பது கிலோபைட்டுக்கு
நூற்றுப் பன்னிரண்டு மெகாபைட் பொதி.
ஒரே கோப்பு. இறக்கு, அனுமதி கொடு, சொடுக்கு.
கூச்சமாக இருந்தது.
அனுப்பினாள்.

எட்டரை மணிக்குப் பத்து ஊர்களில் ஓடியது.
யாரும் நன்றி சொல்லவில்லை,
தெருப்பெயர்களைக் குறித்துக்கொண்டு
மணல் மூட்டை அடுக்கப் போய்விட்டார்கள்.
நான்கு ஆண்டுகளில் அவளுக்குக் கிடைத்த
முதல் அமைதி அது.

பதினோராவது, ஆற்றின் கீழ்ப்பக்கம் ஒத்மார்.
தேனீ வளர்ப்பவர், ஊர்க் குழுவின் ஒரே கணினிக்காரர்.
ஏதோ வங்கி கழித்துக்கட்டிய பெட்டி,
முப்பத்திரண்டு பிட்.
திரையில் ஒரு வரி: இந்தக் கோப்பை இயக்க இயலாது.
"எங்கும் ஓடும் என்று போட்டிருக்கிறதே?"
குரலில் கோபமில்லை,
தான்தான் தவறாகப் படித்துவிட்டோமோ என்ற ஐயம்.

அந்தப் பெட்டிக்கென மறுபடி கட்டலாம்.
உள்ளே போகவேண்டிய இரண்டு நூலகங்கள்
முப்பத்திரண்டைக் கைவிட்டு வருடங்களாயின,
பழைய பதிப்பைத் தேடி ஒட்டவைக்க
விடிந்துவிடும்.
நதி அவர் ஊரை மூன்று மணிக்கே எட்டிவிடும்.

தொலைபேசியை எடுத்தாள்.
அரைமணிக்கொரு முறை தன் திரையைப் படித்தாள்:
ஆலைத்தெரு, இரண்டு பத்து.
மழலையர் பள்ளி, இரண்டே முக்கால்.
இல்லை, மாறுகிறது, இரண்டு முப்பத்தைந்து.
அவர் தேன் ரசீதுகளின் முதுகில் எழுதி
வாசலில் நின்ற பையனிடம் கொடுத்தனுப்பினார்.
நடுவே நாய் குரைத்தது, ஒரு தடவை
யாரோ சூப் வேண்டுமா என்று கேட்டார்கள்.
எண்கள் மட்டும் ஒன்றும் சிந்தாமல் போய்ச் சேர்ந்தன.

ஐந்து மணிக்கு நதி ஒரு விரற்கடை இறங்கியது.
"அடுத்த தடவையும் இப்படியே செய்துவிடலாமே,"
என்றார் ஒத்மார், "ஏற்றுகிற வேலையே இல்லை."

அடுத்த வாரம் வந்த பதிப்பில்
தெரிந்த குறைகள் என்ற தலைப்பின் கீழ்
ஒரே ஒரு வரி இருந்தது:
ஒத்மாரின் பெட்டியில் ஓடாது.
மழை வந்தால் அவரைக் கூப்பிடவும்,
எண் பின்வருமாறு.